சளி பிடித்த வாரத்தில் படியா, பூங்காவா, படுக்கையா?

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை வாரத்தில் நான்கு நாள் காலையில் ஏறி இறங்குகிறேன். ஆண்டிறுதியில் பினாங்குப் பாலத்தில் நடக்கும் நெடுவோட்டத்தில் 10 கிலோமீட்டர் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். எனக்கு அந்தப் படிகள்தாம் பயிற்சிக்கூடம். சென்ற புதன்கிழமை எழுந்தபோது மூக்கு ஒழுகியது, தொண்டையில் கரகரப்பு. வழக்கம்போல் படி ஏறலாம். கோயிலுக்கு அருகிலேயே இருக்கும் தாவரவியல் பூங்காவில் மெல்ல நடக்கலாம். இரண்டும் வேண்டாம் என்று போர்த்திக்கொண்டு படுக்கலாம். நான் பூங்காவுக்குப் போனேன். மறுநாள் அதே பூங்காவுக்குப் போகாமல் படுத்துவிட்டேன். ஏன் என்பதைத்தான் விளக்க வேண்டும்.

முதலில் படிகள். என்னோடு ஏறும் தங்கை ஒருத்தி, "ஏறி நன்றாக வேர்த்துவிட்டால் சளி இறங்கிவிடும், வாருங்கள் அக்கா" என்றாள். சென்ற ஆண்டு இதே பேச்சை நம்பி ஏறினேன். போதாக்குறைக்கு, மூக்கடைப்பைத் திறக்கும் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் போனேன். சூடோஎபெட்ரின் கலந்த அந்த வகை மாத்திரைகள் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டக்கூடியவை என்பது அன்று எனக்குத் தெரியாது. பாதிப் படி தாண்டியதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றிரவு காய்ச்சல். அதன்பின் மூன்று வாரம் இருமல். படி ஏறியதால்தான் அது நீண்டது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஏறியதால் எதுவும் குறையவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

வேர்வையில் சளி போகும் என்ற நம்பிக்கையை ஒருமுறை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பால் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வு அது. 50 மாணவர்களின் மூக்கில் ரைனோ வைரஸை வேண்டுமென்றே செலுத்தினார்கள். 34 பேர் ஒருநாள் விட்டு ஒருநாள் 40 நிமிடம் மிதமான பயிற்சி செய்தார்கள். 16 பேர் செய்யவில்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தால் சளியின் கடுமையிலும் நீடித்த நாட்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது மிதமான பயிற்சி சளியை விரட்டவும் இல்லை, வளர்க்கவும் இல்லை. ஆனால் அவர்கள் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்கள். பிடித்தது எந்த வைரஸ் என்பதும் முன்கூட்டியே தெரியும். நமக்கு வரும் சளி பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. பினாங்கின் புழுக்கத்தில் எட்டு மணிக்கே சட்டை நனைந்துவிடுகிறது. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் அனுப்பும் வேலையும் இதயத்தின் தலையில்தான் விழுகிறது.

படுக்கையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. என் அம்மாவின் தீர்ப்பு எப்போதும் அதுதான்: மிளகு ரசம், மஞ்சள் போட்டு ஆவி, நெற்றியில் கோடாலித் தைலம், உறக்கம். ஓடுகிறவர்கள் படுக்கையைக் கண்டு அஞ்சுவதற்குக் காரணம், சேர்த்த தெம்பு கரைந்துவிடுமோ என்ற கவலை. நன்கு பயிற்சி பெற்றவர்கள் ஓட்டத்தை அறவே நிறுத்தினால்கூட, உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடுதான் குறைந்ததாக 1984-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. நான்கு நாள் படுத்தால் எதுவும் கெட்டுப்போகாது.

அப்படியானால் நான் ஏன் பூங்காவின் பக்கம் சாய்கிறேன்? மூக்கோடு நிற்கும் சளிக்கு நடை உடனடி ஆறுதல் தருகிறது. உடம்பு அசையும்போது மூக்கின் உட்புற இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அடைப்பு தானாகத் திறக்கிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடி அடைத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனாலும் அந்தக் காலை நேரம் முழுதும் வாய்வழி மூச்சு விட்டுக்கொண்டு கட்டிலில் கிடப்பதைவிட, மர நிழலில் இருபத்தைந்து நிமிடம் நடந்துவிட்டு வந்தால் பசி எடுக்கிறது, இரவு தூக்கமும் வருகிறது. திறந்தவெளி என்பதால் குளிரூட்டிய உடற்பயிற்சிக்கூடத்தில் இருமி, எல்லோரும் தொடும் பிடிகளில் தொற்றை விட்டுவரும் குற்றமும் இல்லை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். கையில் பையைக் கண்டால் குரங்குகள் நெருங்கும். அதற்காகக்கூட ஓட வேண்டாம்.

இந்த மூன்றில் எது என்பதை எனக்காகத் தீர்மானிப்பது காலை நாடி. "கழுத்துக்கு மேலே தொல்லை என்றால் நடக்கலாம், கழுத்துக்குக் கீழே இறங்கினால் படு" என்ற விதி ஓட்டக்காரர்களிடம் பரவலாக இருக்கிறது. நல்ல விதி. ஆனால் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு நெஞ்சுச் சளிகூடத் தொண்டைச் சளியாகவே தோன்றும், எனக்குத் தோன்றியிருக்கிறது. நாடியை அப்படி வளைக்க முடியாது. கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்பே, காப்பிக்கு முன்பே, கட்டைவிரலின் அடிப்பக்கத்தில் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிறேன். நலமாக இருக்கும் நாட்களில் பல மாதமாக எண்ணி வைத்திருப்பதால் என் கணக்கு 62 என்று தெரியும். அந்தப் பழைய கணக்கு இல்லாவிட்டால் சளி நாளின் எண்ணுக்குப் பொருளே இல்லை.

சென்ற புதன் 66. நடந்தேன். வியாழன் 75; காய்ச்சல்மானி 37.4 காட்டியது, மூக்கைத் தவிர எதுவும் வலிக்கவில்லை. பழைய நானாக இருந்தால் கிளம்பியிருப்பேன். படுத்தேன். மாலைக்குள் தோளும் முதுகும் கனக்கத் தொடங்கின. நாடி பாதி நாள் முந்திச் சொல்லியிருந்தது. உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும் என்பது மருத்துவர்கள் அறிந்த பழைய கணக்குதான். வெள்ளி 71, மறுபடி படுக்கை. சனி 66, பூங்கா. சாதாரணச் சளி இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும் என்பதற்கும் இது பொருந்துகிறது. ஐந்துக்குள் கூடினால் நடை, அதைத் தாண்டினால் படுக்கை என்பது நான் எனக்கு வகுத்துக்கொண்ட வரம்பு. மருத்துவ நூலில் எடுத்தது இல்லை. சரியாகத் தூங்காத இரவுக்குப் பின்னும் எண் ஏறும். அன்றும் படுப்பதில் இழப்பில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால் நாடியை எண்ணிப் பேரம் பேசவே கூடாது. சில வைரஸ்கள் இதயத் தசையை வீங்கவைக்கக்கூடும். அபூர்வம்தான், ஆனால் அப்படி வந்தால் கடும் பயிற்சியைப் பல மாதம் நிறுத்தச் சொல்வார்கள். நம் ஊரில் டெங்கியும் இருக்கிறது. கடும் காய்ச்சலும் தலைவலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்து மூக்கு ஒழுகாமல் இருந்தால் அதைச் சளி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளினிக்குக்குப் போய் இரத்தம் சோதியுங்கள். அதுவரை ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் வேண்டாம்.

எடை தூக்கும் பயிற்சியில் எனக்கு அனுபவம் மிகக் குறைவு, அதில் என் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்துமாவோ நீரிழிவோ இதய நோயோ உள்ளவர்கள் என் ஐந்து துடிப்புக் கணக்கைப் பின்பற்றாமல் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இன்று எட்டாம் நாள். நாடி 63, இருமல் இல்லை. நாளையும் இப்படியே இருந்தால் பாதிப் படி வரை ஏறிவிட்டு, சென்ற ஆண்டு உட்கார்ந்த அந்த இடத்திலேயே திரும்பிவிடுவேன். தங்கையிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்கு இப்போது தொண்டை கரகரக்கிறதாம். காலையில் நாடி எண்ணிவிட்டு அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.