எந்த அறைக்கு எந்த ஃபேன்? மூன்று கோடை பார்த்த கணக்கு

பல்லடம் பக்கம் வீடு கட்டியபோது சீலிங் ஃபேன் விஷயத்தில் எனக்கும் அப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லா அறைக்கும் பி.எல்.டி.சி. (எலெக்ட்ரானிக் போர்டு வைத்த, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் ஃபேன்) போடலாம் என்றேன் நான். "சாதா ஃபேன்னா கெட்டா வைண்டிங் கட்டிக்கலாம், இதுக்கு யாருகிட்டப் போவே?" என்றார் அவர். கடைசியில் நான் சொன்னதில் மூன்று, அவர் சொன்னதில் மூன்று என்று மாட்டினோம். மூன்று கோடை ஓடிவிட்டது. இப்போது கேட்டால், ஃபேன் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும் என்பேன்.

சாதா ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. 30 வாட் அளவில் அதே காற்றைக் கொடுக்கும். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முதலாவது 54 யூனிட், இரண்டாவது 22 யூனிட். ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு 96. கோடையில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளுக்கும் விலை கூடிவிடுகிறது. அந்தக் கோட்டருகே நிற்கும் வீட்டுக்கு இந்த 96 பெரிய விஷயம்.

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆசாரத்தில் (ஹாலில்) சாதா ஃபேன் றெக்கையை எண்ணிவிடலாம் போல அசைந்துகொண்டிருக்கும், உள்ளறையில் பி.எல்.டி.சி. அதே வேகத்தில் சுற்றும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியும் அதற்கு இரண்டு மடங்கு நேரம் தாங்கும்.

அப்பா சொன்னதும் பொய்யில்லை. சாதா ஃபேன் வேகம் குறைந்தால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான், 2.5 மைக்ரோஃபேரட் என்று கேட்டு வாங்கி மாட்டினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. காயில் எரிந்தாலும் வைண்டிங் கட்டுபவர் பக்கத்திலேயே இருப்பார். 1937-லேயே மின்மோட்டார் செய்த கோயம்புத்தூர் நம்முடையது, அந்தக் கைத்தொழில் இன்னும் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கிறது. பி.எல்.டி.சி.யில் போர்டு போனால் கம்பெனி ஆள்தான் வர வேண்டும். எங்களுக்கு ஒரு போர்டு வைகாசியில் போய், புதிது வர பதினொரு நாள் ஆனது. அந்த அறையில் படுத்திருந்தது அம்மா. அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன், ஊருக்குள் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா, வாரண்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டர் வழியாகவும் இதை ஓட்டக் கூடாது. அதைக் கழற்றி நேரே இணைக்கச் சொல்ல வேண்டும். வயதானவர்கள் இருட்டில் ரிமோட்டைத் தேடாமலிருக்க, கட்டிலருகே சுவரில் ரிமோட் ஸ்டாண்ட் அடித்துவிடுங்கள்.

படுக்கையறைகளுக்கும் ஆசாரத்துக்கும் பி.எல்.டி.சி., சாமி அறைக்கும் விருந்தாளி அறைக்கும் பொடக்காளித் (கொல்லைப்புறத்) திண்ணைக்கும் சாதா. எங்கள் ஆசாரத்தில் மாட்டியிருந்த சாதா ஃபேனைப் போன வருடம் அப்பாவே மாற்றச் சொல்லிவிட்டார்.

அளவில் அதிகம் யோசிக்க வேண்டாம்: 12க்கு 12 அடி அறை வரை 1200 மி.மீ. போதும். ஓட்டு வீட்டில் முகட்டோடு ஒட்டி மாட்டாமல் டவுன் ராடு (ஃபேனைத் தொங்கவிடும் குழாய்) நீளம் கொடுத்து, றெக்கை தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடியில் நிற்கும்படி பாருங்கள். தறி ஓடும் ஊர்களில் றெக்கையின் முன்விளிம்பில் பஞ்சு மெத்தை மாதிரி படியும். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தாலே காற்று கூடிவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேனில்தான் நாங்கள் நன்றாக ஏமாந்தோம். இரும்பா பிளாஸ்டிக்கா, எட்டு இன்ச்சா பத்து இன்ச்சா என்று கடையில் ஒரு மணி நேரம் பேசியவர்கள், எந்தச் சுவர் என்று யாரும் யோசிக்கவில்லை. அடுப்படி வாயு மூலையில் (வடமேற்கில்); ஃபேன் வைத்தது மேற்குச் சுவரில். ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கியது. ஸ்விட்ச் போடாமலே றெக்கை பின்பக்கமாகச் சுற்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிபாளையம் சிக்கனுக்கு எண்ணெயில் வரமிளகாயைப் போட்டதும், வெளியே போக வேண்டிய நெடி அப்படியே திரும்பி வந்து வீடே இருமியது. மூடியிருந்த மாவுப் பாத்திரத்தின் மேல் செம்மண் தூசி.

அடுத்த வாரமே வடக்குச் சுவருக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. அக்னி மூலையில் (தென்கிழக்கில்) அடுப்படி உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கிழக்குச் சுவரில் வைத்தால் ஆடிக் காற்றே புகையை இழுத்துக்கொண்டு போகும். மேற்குச் சுவர்தான் வழி என்றால், ஃபேன் நின்றதும் தானே மூடிக்கொள்ளும் ஷட்டர் உள்ளதை வாங்குங்கள். ஆனால் அடிக்கிற காற்றை எதிர்த்துத் தள்ள அதனாலும் முழுசாக முடியாது.

அளவுக்கு ஒரு சின்னக் கணக்கு. 10க்கு 8 அடுப்படி, 10 அடி உயரம் என்றால் 800 கன அடி. மணிக்கு 15 தடவை அந்தக் காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 12,000 கன அடி, அதாவது சுமார் 340 கன மீட்டர். பெட்டியில் போட்டிருக்கும் எண் இதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். தாளிப்பும் வறுவலும் அதிகம் என்றால் இரும்பு ஃபேன்தான். எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டிக் கழுவினாலும் தாங்கும். பாத்ரூமுக்குத் துருப்பிடிக்காத ஆறு இன்ச் பிளாஸ்டிக்.

சிம்னி? குழாயை வெளியே விட முடிந்தால் நல்லதுதான், அடுப்புக்கு நேர்மேலே புகையைப் பிடித்துவிடும். குழாய் இல்லாதது எண்ணெயை வடிகட்டிச் சூட்டை உள்ளேயே விடுகிறது. சித்திரையில் ஈரோட்டுப் பக்கம் அது வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. எக்ஸாஸ்ட் ஓடும்போது அதன் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்றையே இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கும், அடுப்பின் மேல் உள்ள புகை அசையாது. புது வீடு கட்டுபவர்கள், பூச்சு வேலைக்கு முன்பே ஃபேனை வாங்கி, சட்டத்தை மேஸ்திரி கையில் கொடுத்து, அதை வைத்தே ஓட்டை விடச் சொல்லிவிடுங்கள்.