கவுன்டரா, ராம்ப்பா? சென்னை விமான நிலையத் தரைப்பணியில் இரண்டு வழிகள்

சென்னை விமான நிலையத்தில் தரைப்பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்பு வரும்போதெல்லாம் விண்ணப்பிக்கும் இளைஞர்கள் கேட்பது ஒன்றுதான்: முனையத்துக்குள் குளிர்சாதனக் காற்றில் கவுன்டரில் பயணிகள் சேவையா, விமானங்கள் நிற்கும் தளமான ராம்ப்பில், விமானத்தடியில் வெயிலில் வேலையா? வெயிலையும் குளிரையும் வைத்து இதை முடிவு செய்வது சரியல்ல என்பது என் கருத்து. இரு பிரிவினரும் ஒரே விமானத்துக்காக, ஒரே கடிகாரத்தைப் பார்த்துத்தான் உழைக்கிறார்கள். இரவுப் பணி இருவருக்கும் உண்டு. எதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள்.

தகுதியைப் பொறுத்தவரை, தரைப்பணிக்கு ஆள் எடுக்கும் ஏஐ ஏர்போர்ட் சர்வீசஸ் நிறுவனத்தின் அறிவிப்புகளை அளவுகோலாகக் கொள்ளலாம். கவுன்டர் வேலைக்குப் பட்டப்படிப்பும், அதன் இளநிலைப் பதவிக்குப் பிளஸ் டூவும் கேட்கிறார்கள். ராம்ப் எக்ஸிகியூட்டிவ் பதவிக்குப் பொறியியல் டிப்ளமோ அல்லது ஐடிஐ சான்றிதழுடன் கனரக வாகன உரிமமும் வேண்டும். ராம்ப் ஓட்டுநருக்குப் பத்தாம் வகுப்பும் அதே உரிமமும் போதும். இரண்டு பக்கமும் ஒப்பந்தப் பணியே. காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்து நுழைவு அட்டை கைக்கு வரும் வரை இருவருமே காத்திருக்க வேண்டும்.

கவுன்டர் வேலை என்றால் சிரித்த முகத்துடன் போர்டிங் பாஸ் கொடுப்பது என்று நினைப்பவர்கள், நள்ளிரவில் வளைகுடா விமானத்துக்கான வரிசையை ஒருமுறை பார்க்க வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா, விசாவில் உள்ள பெயரும் பயணச்சீட்டில் உள்ள பெயரும் ஒன்றா, குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்டுடன் வேலைக்குச் செல்பவரிடம் அந்த அனுமதி இருக்கிறதா என்பதையெல்லாம் ஓரிரு நிமிடங்களில் பார்த்துவிட வேண்டும். உரிய ஆவணமின்றி ஒருவர் போய் இறங்கினால், அவரைத் திருப்பி அழைத்துவரும் செலவும் பல நாடுகளில் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும். கடன் வாங்கிப் பயணம் புறப்பட்ட ஒருவரிடம் 'இன்று நீங்கள் போக முடியாது' என்று சொல்லும் பொறுப்பும் கவுன்டரில் நிற்பவருக்கே உரியது. போகிப் புகையால் விமானங்கள் தாமதமாகும் காலைகளில் பயணிகளின் கோபத்தையும் அவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறார். ராம்ப்பில் இருப்பவருக்கு அது வெறும் காத்திருப்பு.

ராம்ப்பின் சுமை வேறு வகையானது. விமானம் வந்து நின்றதும் யாரும் ஓடிப்போய்க் கதவைத் திறப்பதில்லை. இயந்திரங்கள் அடங்கி, உடற்பகுதியில் சுழலும் சிவப்பு விளக்கு அணைந்து, சக்கரங்கள் உருளாமலிருக்கச் சாக் கட்டை வைத்த பிறகே, பெட்டிகளை ஏற்றி இறக்கும் பட்டை வாகனமான பெல்ட் லோடர் நெருங்கும். ஏர்பஸ் ஏ320 போன்ற விமானம் மறுபடி கிளம்புவதற்குள் கிடைப்பது சுமார் 30 முதல் 45 நிமிடம். அதன் சரக்கறை நான்கடி உயரம்தான் இருக்கும் என்பதால் உள்ளே நிமிர்ந்து நிற்க வழியில்லை. மண்டியிட்டபடியே பெட்டிகளைத் தள்ளி அடுக்க வேண்டும். 100 பயணிகள் ஆளுக்கு 15 கிலோ கொடுத்தால் ஒன்றரை டன். இறக்க ஒருமுறை, ஏற்ற ஒருமுறை. முன்னறைக்கு உரியதைப் பின்னறையில் போட்டுவிட்டால் எடைச் சமநிலைக் கணக்கு மாறிவிடும், அந்தக் கணக்கை நம்பித்தான் விமானி மேலெழும்புகிறார். வாகனம் விமானத்தில் லேசாக உரசினாலும் உடனே சொல்லிவிட வேண்டும். பொறியாளர் பார்த்து அனுமதிக்கும் வரை அந்த விமானம் நகராது.

பெட்டியை ஒப்படைத்த பயணி போர்டிங் கேட்டுக்கு வராமல் போகும்போது இரண்டு வேலைகளும் சந்திக்கின்றன. பயணியின்றி அவர் பெட்டி மட்டும் பறக்கக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. கேட்டில் இருப்பவர் வாக்கி டாக்கியில் டேக் எண்ணைச் சொல்ல, சரக்கறைக்குள் மண்டியிட்டிருப்பவர் ஒரே மாதிரியான கறுப்புப் பெட்டிகளைப் புரட்டி அந்த எண்ணைத் தேடுகிறார். தாமதத்துக்கு யார் காரணம் என்று பிறகு எழும் விவாதத்தில் இரு தரப்பும் ஒருவரையொருவர் காட்டுவது வழக்கம்.

உடல்நலத்தைப் பார்த்தால் கவுன்டரே மேல். ராம்ப்பில் முழங்காலும் முதுகும், காதடைப்பானை அலட்சியம் செய்தால் செவியும் விலை கொடுக்கின்றன. எதிர்காலத்தைப் பார்த்தால் என் கணிப்பு தலைகீழ். வெப் செக்-இன், பயணியே போர்டிங் பாஸ் எடுத்துக்கொள்ளும் கியாஸ்க் இயந்திரம், முகத்தை அடையாளம் கண்டு உள்ளே விடும் டிஜியாத்ரா என்று கவுன்டரின் வேலை ஒவ்வொன்றாகப் பயணியின் கைக்கும் இயந்திரத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஏ320இன் சரக்கறைக்குள் மண்டியிடும் இயந்திரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. மொழிகள் நன்றாக வரும், ஆவணங்களில் கண் கூர்மை உண்டு, பின்னாளில் வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாற விருப்பம் என்பவர் தயங்காமல் கவுன்டருக்குப் போகலாம். மற்றவர்களுக்கு, குறிப்பாக டிப்ளமோ படிப்பவர்களுக்கு, ராம்ப்பையே பரிந்துரைப்பேன்.

'ஏர்போர்ட் கோர்ஸ்' என்ற பெயரில் பெருந்தொகை கேட்கும் பயிற்சி மையங்களை நாடுவதற்கு முன், மேற்சொன்ன அறிவிப்பில் கட்டாயமாகக் கேட்பது எது என்று பார்ப்பது நல்லது. ராம்ப்புக்குக் கேட்கும் கனரக உரிமம் எடுக்க 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், இலகுரக உரிமம் பெற்று ஓராண்டாவது கடந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த 18 வயதுக்காரர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்து, அந்த ஆண்டே இலகுரக உரிமமும் எடுத்துவிட்டால், டிப்ளமோ கைக்கு வரும் வேளையில் கனரக உரிமத்துக்கும் விண்ணப்பித்துவிடலாம்.