பிரெக்சிட் கட்சியா, லிபரல் டெமாக்ரட்டா? 2019 கணக்கு

2019 மே 23 அன்று பிரிட்டனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல், உண்மையில் நடந்திருக்கவே வேண்டாதது. மார்ச் 29-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியிருக்க (அதுதான் பிரெக்சிட்) வேண்டிய நாடு, பிரதமர் தெரசா மேயின் வெளியேறும் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தோற்றதால் உள்ளேயே மாட்டிக்கொண்டு வேட்பாளர்களை நிறுத்த வேண்டியதாயிற்று.

நைஜல் ஃபராஜின் பிரெக்சிட் கட்சிக்கு அப்போது தேர்தல் அறிக்கைகூடக் கிடையாது. 'சொன்னபடி வெளியேறு', அவ்வளவுதான் பேச்சு. 29 இடங்கள்! ஒன்றியத்திலேயே இருக்க வேண்டும் என்ற லிபரல் டெமாக்ரட்டுகள் நேர் எதிர். அறிக்கையின் அட்டையிலேயே பிரெக்சிட்டைக் கெட்ட வார்த்தை போட்டுத் திட்டினார்கள். 1 இடத்திலிருந்து 16-க்குத் தாவினார்கள், லண்டனில் முதலிடம்.

ஆனால் 'வெளியேறு' ஓட்டு பெரும்பாலும் ஒரே பக்கம் குவிய, 'இருப்போம்' ஓட்டு பசுமைக் கட்சி, புதுக் கட்சியான சேஞ்ச் யூகே, ஸ்காட்லாந்தில் எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) என்று சிதறியது. மதில்மேல் பூனையாக இருந்த லேபருக்கு 10, ஆளும் கன்சர்வேட்டிவுக்கு வெறும் 4.

என்னைக் கேட்டால் ஓட்டைத் திரட்டுவதில் ஃபராஜ்தான் கெட்டிக்காரர். சரி, அப்புறம்? அதே ஆண்டு டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் கன்சர்வேட்டிவ் தலைவர் போரிஸ் ஜான்சன் அந்த 'வெளியேறு' ஓட்டில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டார். ஃபராஜ் கட்சிக்கு ஒரு சீட்டும் இல்லை, லிபரல் டெமாக்ரட்டுக்கு 11, அதிலும் தலைவர் ஜோ ஸ்வின்சனே தோற்றுப்போனார்.