ஹார்ட்கோர் பங்க்: எந்தப் படத்தை முதலில் பார்ப்பது?

பிளாக் ஃபிளாக் குழுவின் பாடகர் ரான் ரெயெஸ் தான் குடியிருக்கும் இடத்தைச் சுற்றிக் காட்டுகிறார். லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய ஹெர்மோசா பீச்சில் ஒரு பழைய தேவாலயம் அது. சுவரெல்லாம் கிறுக்கல். அதில் அவருக்கென்று கிடைத்திருப்பது துணிமணி வைக்கும் அலமாரி அளவுக்கு ஒரு பொந்து. வாடகை மாதம் 16 டாலர். ஊர்க்காரர் ஒருவருக்கு வழி சொல்வதைப்போல அவ்வளவு இயல்பாக இதைச் சொல்லிவிடுகிறார்.

பெனலோபி ஸ்பீரிஸ் இயக்கிய ‘தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’ ஆவணப்படத்தில் வரும் காட்சி இது. 1979 டிசம்பருக்கும் 1980 மே மாதத்துக்கும் இடையே எடுக்கப்பட்டு 1981இல் வெளிவந்தது. பங்க் ராக் இசையின் இன்னும் வேகமான, ஆவேசமான வடிவமான ஹார்ட்கோர் பங்க் பற்றி எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இன்னொரு படத்தைத்தான் கைகாட்டுகிறார்கள்: பால் ராக்மன் இயக்கி 2006இல் வந்த ‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’. நானும் அதைத்தான் முதலில் பார்த்தேன். இப்போது யாராவது கேட்டால் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

‘அமெரிக்கன் ஹார்ட்கோர்’ செய்யும் வேலையை வேறு எந்தப் படமும் இவ்வளவு தெளிவாகச் செய்யவில்லை. அதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஸ்டீவன் பிளஷ் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டது. 1980 முதல் 1986 வரை அந்த இசை லாஸ் ஏஞ்சலிஸிலும் வாஷிங்டனிலும் பாஸ்டனிலும் எப்படிப் பற்றிக்கொண்டது என்று ஊர் ஊராகக் காட்டுகிறது. அமெரிக்க அதிபர் ரீகன் ஆட்சிக் காலத்தின் புறநகர் அமைதியில் மூச்சுமுட்டிய பையன்களுக்கு ஒரு நிமிடப் பாட்டும் அந்த வேகமும் ஏன் தேவைப்பட்டன என்பது புரிகிறது. பேட் பிரெய்ன்ஸ் குழு வரும் பகுதிகள் அபாரம். ஜாஸ் ஃபியூஷன் வாசித்துக்கொண்டிருந்த நான்கு கறுப்பின இளைஞர்கள் பங்க் பக்கம் திரும்பி, மற்ற எல்லாரையும் மெதுவாக வாசிப்பவர்களாகத் தோன்றவைத்த கதை அது.

ஆனால் படம் முழுக்க நடுத்தர வயதுக்காரர்கள் நாற்காலியில் அமர்ந்து இருபது ஆண்டுகளுக்கு முந்தைய சண்டைகளை நினைவுகூர்கிறார்கள். பாட்டு தொடங்கிச் சூடேறுவதற்குள் வெட்டிவிட்டு அடுத்த முகத்துக்குப் போய்விடுகிறார்கள். முப்பது நொடி கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசை வெறும் இரைச்சலாகத்தான் படும். டெட் கென்னடிஸ் போன்ற குழுவுக்கு உரிய இடம் இல்லை. பெண்கள் ஓரத்தில் நிற்கிறார்கள். 1986இல் எல்லாம் முடிந்துவிட்டது என்று படம் தீர்ப்பு எழுதுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வாஷிங்டனின் ஃபுகாசி குழு முதல் கச்சேரி செய்ததே 1987இல்தான். டிக்கெட்டுக்கு ஐந்து டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவர்கள் அவர்கள். வாஷிங்டனின் அந்தப் பிற்காலத்தை அறிய ஸ்காட் கிராஃபோர்டின் ‘சாலட் டேஸ்’ இருக்கிறது. 1990 வரை போகிறது. ஒரே ஊரோடு நின்றுவிடுவதால் அதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பீரிஸ் படத்தில் யாருக்கும் எதையும் நினைவுகூர வேண்டிய தேவை இல்லை. எல்லாம் அப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. பாட்டுகளை நீளமாக ஓடவிடுகிறார். பாடுவது காதில் விழாத இடத்தில் வரிகளை எழுத்தாகப் போடுகிறார். பாடகி ஆலிஸ் பேக் மேடையில் நிற்கும் நிமிடங்களைப் பார்த்தால், இது ஆண்களின் கதை மட்டுமே என்று பிறகு எப்படிச் சொல்லத் துணிந்தார்கள் என்று கோபம் வரும். ஜெர்ம்ஸ் குழுவின் பாடகர் டார்பி கிராஷ் சமையலறையில் முட்டை பொரித்தபடி பேசுகிறார். மேடையில் நிற்கவே தடுமாறியவர் அங்கே சாதாரணப் பையனாக இருக்கிறார். படம் வெளிவருவதற்கு முன்பே, 1980 டிசம்பர் 7 அன்று, 22 வயதில் இறந்துபோனார். இது தெரிந்தபின் அந்தச் சமையலறைக் காட்சியை என்னால் இயல்பாகப் பார்க்க முடிந்ததில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தலைவர் டாரில் கேட்ஸ் இந்தப் படத்தை நகரில் மறுபடி திரையிட வேண்டாம் என்று கடிதம் எழுதினார். அதே படத்தை 2016இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தார்கள்.

குறையும் உண்டு. இது ஒரே நகரத்தின் படம். ஹார்ட்கோர் பிறக்கும் தருவாயில் எடுத்தது என்பதால் எக்ஸ் போன்ற பழைய பங்க் குழுக்களும் கலந்திருக்கின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவே பலர் தாண்டிப் போய்விடும் மூன்றாவது படம்தான் என் மனதுக்கு மிக நெருக்கமானது. ‘அனதர் ஸ்டேட் ஆஃப் மைண்ட்’, 1984. ஆடம் ஸ்மாலும் பீட்டர் ஸ்டுவர்ட்டும் எடுத்தது. சோஷியல் டிஸ்டார்ஷன், யூத் பிரிகேட் என்ற இரண்டு குழுக்கள் 1982இல் ஒரு பழைய பள்ளிப் பேருந்தில் ஏறி அமெரிக்காவையும் கனடாவையும் சுற்றக் கிளம்புகின்றன. பின்னால் இசைத்தட்டுக் கம்பெனியும் இல்லை, பணமும் இல்லை. வண்டி பழுதாகிறது, பசிக்கிறது, ஒருவர்மேல் ஒருவருக்கு எரிச்சல் ஏறுகிறது. ‘நாமே செய்துகொள்வோம்’ என்ற அந்தக் கொள்கைக்கு உடம்பு எவ்வளவு விலை கொடுத்தது என்பதை இதில்தான் பார்த்தேன்.

வாஷிங்டன் வந்து சேர்ந்ததும் பேருந்து கைவிட்டுவிடுகிறது. டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தியவர்களின் வீட்டில், மைனர் த்ரெட் குழுவினரோடு தங்குகிறார்கள். சோஷியல் டிஸ்டார்ஷன் உடைந்து ஆட்கள் ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பயணத்தின்போதே அக்குழுவின் பாடகர் மைக் நெஸ் ஒரு பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருப்பதை கேமரா பிடித்திருக்கிறது. படத்துக்குத் தலைப்பாக நிற்பது அந்தப் பாட்டின் பெயர்தான்.