பழைய படகுப்பாயைப் புதுப்பிக்க அனுப்புமுன்: 410 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய வெண்மை

இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்பிள் ஆற்றில், 26 அடி நீளமுள்ள பாய்மரப் படகொன்றை வைத்திருக்கிறேன். வெஸ்டர்லி சென்டார் வகை, 1974இல் கட்டப்பட்டது. அதன் பெரிய பாய், ஜெனோவா எனப்படும் முன்பாய், பின்காற்றில் விரிக்கும் நைலான் ஸ்பின்னேக்கர் ஆகிய மூன்றையும் கடந்த குளிர்காலத்தில் ‘கழுவி, பிசின் ஏற்றி, தையல் சரிபார்த்துப் புதுப்பித்துத் தருகிறோம்’ என்று விளம்பரம் செய்திருந்த ஒரு நிறுவனத்துக்கு அனுப்பி ஏமாந்தேன். வழக்கு இன்னும் தீராததால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் முழுமையாக எழுதுகிறேன்.

மூன்று பாய்களுக்கும் சேர்த்து 410 பவுண்டு கேட்டார்கள். புதிய பெரிய பாய் ஒன்றுக்கே 1,180 பவுண்டு விலை சொல்லப்பட்டிருந்ததால், பழையதைப் புதுப்பிப்பதே புத்திசாலித்தனம் என்று நான் கணக்குப் போட்டேன். மூன்று வாரத்தில் தருவதாகச் சொன்னவர்கள் பதினொரு வாரம் எடுத்துக்கொண்டார்கள். வந்த பையைத் திறந்தபோது நீச்சல்குளத்து வாடை முகத்தில் அடித்தது. ஆனாலும் பாய்கள் பளீரென்று வெளுத்து, கஞ்சி போட்ட வேட்டியைப் போல மொடமொடவென்று இருந்தன. அந்த மொடமொடப்பில்தான் நான் மயங்கினேன்.

ஏப்ரல் மாத இறுதியில் சொலண்ட் நீரிணையில் முதல்முறை ஓட்டியபோது, காற்றின் வேகம் 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) அளவில்தான் இருந்தது. எதிர்காற்றில் படகு முன்னேறாமல், கடந்த ஆண்டைப் போலவே பக்கவாட்டில் சாய்ந்து நகர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து, துணிக்கடைக்காரர் முனையில் சிறிது வெட்டிவிட்டு மல் துணியைக் கிழிப்பாரே, அதே ஓசை தலைக்கு மேலே கேட்டது. பெரிய பாயின் பின்விளிம்பில் தொடங்கி, இரண்டாவது பட்டையின் தையல் ஏறத்தாழ ஒரு மீட்டர் தூரத்துக்குப் பிரிந்திருந்தது. துணி கிழியவில்லை, நூல்தான் விட்டிருந்தது. ‘தையல் சரிபார்க்கப்பட்டது’ என்று அவர்கள் விலைச்சீட்டில் எழுதியிருந்தது இந்தத் தையலைத்தான்.

மறுவாரம், அருகிலுள்ள சிறிய பாய்த் தையற்கூடம் ஒன்றுக்கு மூன்றையும் எடுத்துச் சென்றேன். அங்கிருந்த முதியவர் பாயை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடித்திருந்தபடியே ஒரு தையல் வரியைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் இரண்டு முறை சுரண்டினார். நூல் தூளாக உதிர்ந்து அவருடைய நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. பாயில் வெயிலால் முதலில் சாவது நூல்தான் என்றும், இந்தச் சோதனைக்குப் பத்து நொடிகூட ஆகாது என்றும், கழுவியவர்கள் செய்திருந்தால் உடனே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். இதற்காக என்னிடம் ஒரு காசுகூட வாங்கவில்லை.

அவர் விளக்கிய பிறகுதான், ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லில் எவ்வளவு பித்தலாட்டம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. டேக்ரான் என்று நாம் சொல்லும் பாய்த்துணி பாலியெஸ்டர் இழைகளை நெருக்கமாக நெய்து, வெப்பத்தால் இறுக்கி, பிசின் ஊட்டிச் செய்யப்படுவது. நெசவின் குறுக்குச்சாய்வில் துணி இழுபடாமல் தடுப்பதில் அந்தப் பிசினுக்குப் பெரிய பங்கு உண்டு. வெயிலும், காற்றில் படபடப்பதும், கண்டபடி கசக்கி மடிப்பதும் நாளடைவில் பிசினை உடைத்துவிட, துணி தொய்ந்து, காற்றில் உப்பும் பாயின் வளைவு, அதாவது தொப்பை, ஆழமாகிப் பின்னோக்கி நகர்கிறது. அதனால் காற்றின் விசை படகை முன்னே இழுக்காமல் பக்கவாட்டில் தள்ளுகிறது. இப்படித் தொய்ந்து முடிந்த துணிக்கு மறுபடியும் பிசின் ஏற்றினால் அது தொய்ந்த வடிவத்திலேயேதான் விறைக்கும். வடிவத்தைத் திருத்த வேண்டுமானால் தையலைப் பிரித்து, பட்டைகளை மறுவெட்டுச் செய்துதான் ஆக வேண்டும், அதுவும் துணியில் உயிர் மிச்சமிருந்தால்.

இதை நான் என் கண்ணாலேயே சரிபார்த்தேன். எதிர்காற்றில் ஓடும்போது, பெரிய பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கட்டையான பருமலின் நடுப்பகுதிக்குக் கீழே படுத்து, பாயை அண்ணாந்து படம் பிடித்து, ஒரு தையல் வரியின் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்தால், தொப்பையின் ஆழத்தை அளந்துவிடலாம். என்னுடையதைப் போன்ற உலாப் படகுக்கு அந்த ஆழம் கோட்டின் நீளத்தில் 10 முதல் 14 விழுக்காடு வரை இருப்பது நல்லது. கடந்த ஆண்டு எடுத்த படத்தில் 17 விழுக்காடு இருந்தது. 410 பவுண்டு செலவழித்த பிறகும் அதே 17தான்.

பாயைத் தோய்த்துப் பேணும் வழக்கம் பழையதுதான். பருத்திப் பாய்க் காலத்தில் இங்குள்ள மீனவர்கள், நாம் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டியைக் கொதிக்கவைத்துப் பாயையும் வலையையும் அதில் முக்கியெடுப்பார்களாம். அது பருத்தியை அழுகாமல் காத்தது. பாலியெஸ்டருக்கு அழுகல் பயம் இல்லை, வெயில்தான் எமன். வெயில் தின்றதை எந்தத் தொட்டியில் முக்கினாலும் மீட்க முடியாது.

மூன்று பாய்களில் பெரும் கொடுமை நேர்ந்தது ஸ்பின்னேக்கருக்குத்தான். குளோரின் வெளுப்பானைப் பாலியெஸ்டர் ஓரளவு தாங்கும், நைலான் தாங்காது. நீலப் பட்டைகள் திட்டுத்திட்டாக வெளிறியிருந்தன. இரு கைகளாலும் பிடித்து மெல்ல இழுத்தபோது, நனைந்த செய்தித்தாள் போலப் பிளந்தது. அனுப்பும்போது அது நன்றாகவே இருந்தது என்பதுதான் என் ஆத்திரம். ‘வழக்கமான கழுவுபொருள்களையே பயன்படுத்தினோம்’ என்று ஒரே வரியில் பதில் எழுதிய அந்த நிறுவனம், பிறகு ‘நல்லெண்ண அடையாளமாக’ 90 பவுண்டு திருப்பியது.

மீதியைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். சேவையை நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்து தர வேண்டும் என்று இங்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் ஐந்து விழுக்காடு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு வங்கிக்கணக்கு வழியாகப் பணம் அனுப்பியது என் மடமை. கடனட்டையில் செலுத்தியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை வழங்கிய நிறுவனத்திடமும் நான் இழப்பைக் கேட்டிருக்க முடியும்.

இறுதியில் பெரிய பாயைப் புதிதாகவே வாங்கினேன். ஜெனோவாவை முதியவர் கைவிடச் சொல்லவில்லை. சுருட்டி வைக்கும்போது வெயில் படாமல் மறைக்கும் ஓரப்பட்டை மட்டும் மக்கியிருந்ததாகவும், உள்ளே துணி இன்னும் உறுதியாக இருப்பதாகவும் சொல்லி, பட்டையை மாற்றி, எல்லாத் தையல்களின் மேலும் மறுதையல் ஓட்டி 240 பவுண்டு வாங்கினார். அது நியாயமான செலவு. முதலிலேயே அவரிடம் போயிருந்தால் ஸ்பின்னேக்கரும் பிழைத்திருக்கும்.

இந்தக் குளிர்காலத்தில் பாயை அனுப்ப இருப்பவர்கள், எந்தத் தையலை மறுபடி ஓட்டுவார்கள், எந்த வெளுப்பானைப் பயன்படுத்துவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பும் முன் தொப்பையைப் படமெடுத்து வையுங்கள். நைலான் பாயை மட்டும் யாரிடமும் கொடுக்க வேண்டாம். குளியல் தொட்டியில் மென்மையான சோப்பு நீரில் நீங்களே அலசி, காற்றில் படபடக்க விடாமல் நிழலில் உலர்த்திவிடுங்கள்.