தெருவுக்கு லெவல் பார்க்க ஆள் கூப்பிட்டோம்

காரைக்குடிப் பக்கத்து ஊரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தீபாவளிக்குத்தான் மனகோலம், சீப்புச் சீடைக்கெல்லாம் ஆர்டர் வரும். ஐப்பசி மழையும் அப்போதுதான் வரும். முன்னொரு தீபாவளிக்கு முதல் நாள் ரோட்டில் முழங்கால் தண்ணீர். ரோட்டை உயர்த்தித் தரச் சொன்னோம், உயர்த்தினார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து இரண்டு மூட்டை மாவு நனைந்தது.

போன ஆனியில் 28 வீடும் ஆளுக்கு 500 ரூபாய் போட்டு, மேடு பள்ளம் அளந்து லெவல் பார்க்கும் தம்பிகள் இருவரை அழைத்தோம். அளக்கும் கருவியின் முக்காலியை எங்கள் தெருவில் நிறுத்துவார்கள் என்று காத்திருந்தால், "முதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பார்ப்போம் ஆச்சி" என்று மேட்டுப்பக்கம் நடந்துவிட்டார்கள். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு ஏக்கரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீராம். மேட்டில் 12 ஏக்கர். 5 சென்டிமீட்டர் கொட்டினால் 24 லட்சம் லிட்டர்! செம்புராங்கல் தரை, அதன்மேல் புதிய பிளாட்டுகளின் சிமெண்ட் தளம். பாதியை மண் குடித்தாலும் மீதி எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்க் குளமான ஊருணிக்குப் போகவேண்டும்.

போகிற வழியில் ரோட்டுக்கடியில் கிடந்தது ஓரடிக் குழாய். அதற்குள் கையை விட்டு ஒரு தம்பி இழுத்தார்; கயிறு கயிறாகச் சீமைக்கருவேல வேர், அதில் ஒட்டிக்கொண்டு சரளையும் பிளாஸ்டிக் பையும். இரண்டடிக் குழாயாக இருந்தால் வாய் நாலு மடங்கு பெரிதாக இருக்கும் என்று மண்ணில் வட்டம் போட்டே காட்டினார்.

குறையும் உண்டு. பத்து நாளில் தருவதாகச் சொன்ன வரைபடம் ஐந்து வாரம் கழித்துத்தான் வந்தது, அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். இரண்டு முறை கேட்ட பிறகு தமிழில் எழுதித் தந்தார்கள். ஒவ்வொரு வீட்டுத் திண்ணையின் உயரமும் அதில் இருந்தது.

அதைப் பிள்ளையார் கோயில் தரையில் விரித்து நான்கு கல் வைத்துப் பேசினோம். மேட்டு பிளாட்காரர்கள் கோபமாகத்தான் வந்தார்கள். கண்மாய்த் தண்ணீரில் பயிர் வைக்கும் ஆயக்கட்டு விவசாயிகளோ, "உங்க சாக்கடையச் சேர்த்து விட்டா ஊருணியும் கெடும், கண்மாயும் கெடும்" என்றார்கள். நியாயம்தானே? கடைசியில் மேட்டில் மழைநீர் தேங்க ஒரு பள்ளம் வெட்ட பிளாட்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். கழிவுநீர்க் குழாய்களை மழைநீர் வாய்க்காலிலிருந்து பிரிப்பது, தண்ணீர் வந்துசேரும் வரத்துக்காலைத் தூர்வாருவது எங்கள் பொறுப்பு. பெரிய குழாய் கேட்டு ஆகஸ்ட் 15 கிராம சபையில் எல்லோரும் சேர்ந்தே தீர்மானம் போட்டோம்.

குழாய் இன்னும் வரவில்லை. ஆனாலும் போன ஐப்பசியில் கொட்டிய மழைக்கு ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்தது. முன்பெல்லாம் இரண்டு நாள் நிற்கும்.

இந்த லெவல் தம்பிகளைத் தாராளமாகக் கூப்பிடலாம். வரைபடம் தமிழில் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம், அளக்கிற முதல் நாளே மேட்டுக்காரர்களையும் கண்மாய்க்காரர்களையும் கூட நடக்கச் சொல்லுங்கள். நாங்கள் கடைசியில்தான் கூப்பிட்டோம், "எங்களைக் கேட்காம அளந்தீங்களா" என்ற கோபத்தை ஆற்றவே இரண்டு கூட்டம் ஆனது.