முன் டயர் மட்டும் ஏன் மொட்டையானது? வால்பாறை மலைப்பாதையில் 55,000 கி.மீ. அனுபவம்

வண்டி வாங்கி நாலு வருடம் ஆகிறது. மீட்டர் 55,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இன்ஜினைப் பற்றியும் கியர்பாக்ஸைப் பற்றியும் சொல்ல அதிகமில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றினேன், ஓடுகிறது. என்னை எழுத உட்கார வைத்தது முன் டயர் இரண்டும்தான். முதல் செட்டில் முன்பக்கம் 24,000 கிலோமீட்டரில் மொட்டை. பின்பக்கத்தில் அப்போதும் பாதிக்கு மேல் ரப்பர் இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றே முக்கால் வருடமும் மூன்று அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) பில்லும் தேவைப்பட்டன.

வண்டி டீசல், பார்ட்-டைம் ஃபோர்-பை-ஃபோர் (வேண்டும்போது மட்டும் நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பது), டயர் அளவு 235/70 ஆர்16. கம்பெனி பெயர் வேண்டாம். ஏனென்றால் தப்பு வண்டியுடையது இல்லை. வீடு வால்பாறையில், எஸ்டேட் ரோடு முடியும் இடத்தில். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை பொள்ளாச்சி போய்வர வேண்டும். போக 64 கிலோமீட்டர், அதில் ஆழியாறு வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட் ரோடு மழைக்காலத்தில் களிமண் குழம்பு. ஃபோர்-வீல் இல்லாமல் ஏறவே முடியாது. வாங்கியதே அதற்காகத்தான்.

9,000 கிலோமீட்டரில் முதல் முறை கவனித்தேன். முன் வலது டயரின் வெளி ஓரம் உருண்டையாகிக்கொண்டு வந்தது. பொள்ளாச்சியில் ஒரு கடையில் அலைன்மென்ட் போட்டார்கள். கம்ப்யூட்டர் சீட்டில் எல்லா எண்ணும் பச்சை. 14,000த்தில் மறுபடி, 20,000த்தில் மறுபடி. மூன்று சீட்டும் இன்னும் டேஷ்போர்டில் கிடக்கின்றன, மூன்றுமே பச்சை. டயர் மட்டும் அதன் பாட்டுக்குத் தேய்ந்துகொண்டே போனது. மூன்றாவது தடவை கடைக்காரர், "மலையில ஓட்டுனா இப்படித்தான் சார்" என்று முடித்துவிட்டார். நானும் நம்பிவிட்டேன்.

24,000த்தில் ஆழம் அளக்கும் ஒரு கேஜ் வாங்கி அளந்தேன். புது டயரில் பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) ஆழம் 10.5 மி.மீ. முன் வலதில் வெளி ஓரம் 1.9, நடுவில் 4.6, உள் ஓரம் 4.2. முன் இடதில் வெளி ஓரம் 2.8. பின் இரண்டிலும் எங்கே வைத்தாலும் 6.5க்குக் குறையவில்லை. டயரின் பள்ளங்களுக்குள் அங்கங்கே சின்னச் சின்ன மேடு இருக்கும், உயரம் 1.6 மி.மீ. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் டயர் முடிந்தது என்று அர்த்தம். என் வலது டயர் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

விடை கிடைத்தது டயர் கடையில் இல்லை, டிராக்டர் பட்டறையில். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் டிராக்டரைக் கொண்டுபோன இடத்தில், மெக்கானிக் பெரியவர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவு, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவு. "ரம்பமாட்ட இருக்குதுங்க. ராடுல ஆட்டம் இருக்கும். அது ஒண்ணு. இன்னொண்ணு, மலை இறங்குறப்ப லீவரை எடுத்துட்டுத்தான் ஓட்டறீங்களா?"

ஃபோர்-வீலுக்கு மாற்ற என் வண்டியில் லீவர் இல்லை, திருகும் நாப்தான். ஆனால் கேள்வி புரிந்தது. இல்லை, எடுப்பதில்லை. முதல் மழைக்காலத்தில் கவர்க்கல் பக்கம் பாசி பிடித்த தார்மேல் வண்டி ஒரு கணம் வழுக்கியது. ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பயம் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து வீட்டு வாசலில் 4எச் (நாலு சக்கரத்துக்கும் இழுவை) போட்டால் பொள்ளாச்சி சமவெளி வந்த பிறகுதான் எடுப்பேன். சில நாள் அதுவும் மறந்து, திரும்பி வரும்போதும் அப்படியே.

பெரியவர் ஒரு விஷயம் காட்டினார். பட்டறை வாசலில் சிமென்ட் தரை. 4எச் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் முதல் கியரில் கிளட்சை விடச் சொன்னார். வண்டி நாலடி போய்ப் பிரேக் பிடித்தது மாதிரி முனகி நின்றது. கீழே கடக் என்று ஒரு சத்தம். 2எச்சுக்கு (பின் சக்கரங்களுக்கு மட்டும் இழுவை) மாற்றி அதையே செய்தால் தண்ணீரில் படகு போவதுபோல் வட்டம் போட்டது. இந்தச் சோதனையை நீங்கள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம், வண்டிக்கு நல்லதில்லை. ஆனால் ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

காரணம் எளிது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்தில் போகும், பின் சக்கரங்கள் அதற்குள்ளே சின்ன வட்டத்தில் போகும். 2எச்சில் முன் சக்கரம் சுதந்திரமாக உருளும், தன் பாதைக்கு வேண்டிய அளவு சுற்றிக்கொள்ளும். பார்ட்-டைம் வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது. 4எச் போட்டதும் முன் சக்கரங்களைச் சுற்றும் ஷாஃப்டும் பின் சக்கரங்களைச் சுற்றும் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். சேறு, மணல், ஜல்லி என்றால் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் விடுமா?

ராத்திரி வீட்டில் கணக்குப் போட்டேன். என் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் உள்ள தூரம், 2.7 மீட்டர். முன் ஆக்ஸில் 8 மீட்டர் ஆரத்தில் ஒரு கொண்டை ஊசியை அரைவட்டம் அடித்தால் 25.1 மீட்டர் போகிறது. பின் ஆக்ஸில் 23.7 மீட்டர்தான் போகிறது. ஒரு வளைவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வித்தியாசம். 40 வளைவுக்கு 60 மீட்டர். ஒவ்வொரு இறக்கத்திலும் அத்தனை தூரத்தை ரப்பரைத் தேய்த்துத்தான் நான் ஈடுகட்டியிருக்கிறேன். இறக்கத்தில் வண்டியின் பாரம் வேறு முன்பக்கம் சாய்ந்திருக்கும். பின் டயர் தப்பித்து முன் டயர் மாட்டியது இதனால்தான்.

வலது டயர் ஏன் அதிகம்? இதற்கும் நானே ஒரு விடை வைத்திருக்கிறேன். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசி நமக்கு உள்வட்டம், மிக நெருக்கம். அப்போது பாரம் முழுக்க வெளிப்பக்கம், அதாவது முன் வலது டயரின் வெளி ஓரத்தில் விழும். இறங்கும்போது வலப்பக்கமாக இருந்த வளைவு ஏறும்போது இடப்பக்கமாகிவிடும். ஆக, போனாலும் வந்தாலும் மாட்டுவது அதே டயர். கடைக்காரர் மலையைக் குறை சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, பாதிதான்.

சரி, அந்த ரம்பம். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 9 மணி, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டினார் பெரியவர். வலது பக்கம் டக் டக் என்று ஆட்டம், டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் ராடின் முனை) போயிருந்தது. 12, 6 இடங்களில் ஆட்டினால் அசைவு இல்லை, ஆகவே வீல் பேரிங்கும் பால் ஜாயின்ட்டும் நலம். "ராடு ஆட்டத்தோட அலைன்மென்ட் பண்ணுனா நிக்குமுங்களா?" என்று கேட்டார். மெஷினில் வண்டி அசையாமல் நிற்கும்போது எண்கள் பச்சையாகத்தான் வரும். ரோட்டில் பிரேக் போட்டதும் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொள்ளும். டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தப்பினால் பட்டன் ஓரங்கள் ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் கூர்மையாகவும் ஆகும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். மூன்று தடவை அலைன்மென்ட் போட்ட கடையில் ஒரு தடவைகூட யாரும் ஜாக்கி போட்டு ஆட்டிப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

இரண்டு பக்கமும் டை ராட் எண்ட் மாற்றி, அதற்குப் பிறகு அலைன்மென்ட் போட்டேன். எல்லாம் சேர்ந்து ஒரு டயரின் பாதி விலைகூட ஆகவில்லை.

அடுத்தது புது டயர். கடையில் முன் இரண்டை மட்டும் மாற்றச் சொன்னார்கள். டூ-வீல் டிரைவ் காருக்கு அது போதும். எனக்குக் கணக்கு வேறு. பின்னால் 6.5, முன்னால் புதிதாய் 10.5 என்றால் சுற்றளவு வித்தியாசப்படும். சின்ன டயர் கிலோமீட்டருக்கு நாலைந்து சுற்று அதிகம் சுற்ற வேண்டியிருக்கும். 4எச்சில் நேர்ரோட்டில் போனாலும் ஷாஃப்டுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். நாலையும் மாற்றினேன். பழைய பின் டயர் இரண்டையும் தெரிந்தவர் டிரெய்லருக்கு வாங்கிக்கொண்டார். (ஃபுல்-டைம் ஆல்-வீல்-டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் டிஃபரென்ஷியலோ கிளட்சோ இருப்பதால் வளைவுத் தொல்லை கிடையாது. ஆனால் நாலு டயரும் ஒரே அளவில் தேய வேண்டும் என்பது அவர்களுக்கு இன்னும் கறார்.)

காற்று விஷயத்திலும் ஒரு தப்பு செய்துகொண்டிருந்தேன். மலை இறங்கிச் சூடான டயரைப் பொள்ளாச்சி பங்க்கில் காட்டினால் 37, 38 பி.எஸ்.ஐ. என்று காட்டும். பையன் புஸ்ஸென்று 33க்கு இறக்கிவிடுவான். மறுநாள் காலை வால்பாறைக் குளிரில் பார்த்தால் 29. காற்று குறைந்த டயரில் இரண்டு ஓரமும் சேர்ந்து தேயும். இப்போது வீட்டிலேயே ஒரு சின்ன கம்ப்ரஸர், காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பார்த்துவிடுகிறேன்.

இப்போதைய பழக்கம் இதுதான். எஸ்டேட் ரோடு முடிந்து தார் வந்ததும் 2எச். சில நாள் நாப்பைத் திருகினாலும் மீட்டரில் ஃபோர்-வீல் விளக்கு அணையாது. ஷாஃப்டுகளுக்கு நடுவே முறுக்கு சிக்கியிருக்கும். இரண்டடி ரிவர்ஸ் எடுத்தால் கடக் என்று விட்டுவிடும், விளக்கும் அணையும். பெருமழையில் ரோடு முழுக்கத் தண்ணீர் ஓடினால் 4எச் போடுகிறேன், காய்ந்ததும் எடுத்துவிடுகிறேன். வழுக்கும் பயத்துக்கு மருந்து இரண்டாவது கியர்தான். பிரேக் எப்படியும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது, அதற்கு 4எச் தேவையில்லை என்பது எனக்கு லேட்டாகத்தான் உறைத்தது. ஒன்பதாவது வளைவில் வரையாடு பார்க்கக் கூட்டம் நின்றால், நாப் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர் மாற்றிப் போடுகிறேன். பின் இரண்டும் அதே பக்கம் முன்னால் வரும், முன் இரண்டும் பக்கம் மாறிப் பின்னால் போகும். வலது ஓரம் தேய்ந்த டயர் இப்படி ஒரு சுற்று ஓய்வெடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது செட் 31,000 ஓடிய பிறகு போன வாரம் அளந்தது: முன் வலது 5.0, முன் இடது 5.2, பின் இரண்டும் 5.5, 5.6. முன் வலதில் வெளி ஓரம் மட்டும் அரை மி.மீ. கூடுதலாகத் தேய்ந்திருக்கிறது. கையால் தடவினால் ரம்பம் இல்லை.

மிச்சம் ஒன்று இருக்கிறது. ஸ்டெப்னி இன்னும் வண்டியோடு வந்த பழைய டயர்தான், ஒரு நாள்கூட ரோட்டில் ஓடவில்லை. பக்கவாட்டில் 3521 என்று போட்டிருக்கிறது, அதாவது 2021ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. ஆழம் முழுசாக 10.5. பஞ்சராகி அதை மாட்டினால் மற்ற மூன்றோடு ஒத்துப்போகாது, அதனால் பொள்ளாச்சி போய்ச் சேரும் வரை 2எச்சில் மட்டும்தான் ஓட்ட வேண்டும். இந்தத் தடவை டயர் மாற்றும்போது அஞ்சாக வாங்கிவிடுவதாக இருக்கிறேன்.